சொல்ல முடியாத மகிழ்ச்சி

ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூட்டுக்காரரும் அவர் மனைவியும் தெருமுனைக்கு வந்தபோது பஸ் நிறுத்தத்தைக் காணோம்.

வெள்ளிக்கிழமை வரை அது அங்கேதான் இருந்தது. ஒரு இரும்புக் கம்பம், அதன் உச்சியில் துருப்பிடித்த தகரப் பலகை, மூன்று பேருக்கென்று போட்டு ஐந்து பேர் உட்கார்ந்து வந்த சிமெண்டு பெஞ்சு. இப்போது கம்பம் இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்டும் அதன்மேல் ஒரு பூத்தொட்டியும் இருந்தன. பெஞ்சு இருந்த இடத்தில் இரண்டு பூத்தொட்டிகள்.

"இடம் மாறி வந்துட்டோமா?" என்றார் பூட்டுக்காரர்.

"இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு ஸ்டாப்பைக்கூடத் தவறவிட்டதில்லைங்க" என்றார் மனைவி. "இப்பதான் ஸ்டாப்பு என்னைத் தவறவிட்டிருக்கு."

அவர் பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்த்தவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் கண்டக்டரம்மாதான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வேலையை விட்டார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழரைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பதினாலாம் நம்பர் பஸ் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடும். அதுதான் அவர் கடைசியாக டிக்கெட் கிழித்த தடம். டிரைவர்கள் எல்லோரும் அவருக்குத் தம்பிகள்.

ஆறு நாற்பதுக்கு அந்தத் தம்பிகளில் ஒருவர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தார். வேகத்தைக் குறைத்தார். ஆனால் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, இங்க நிறுத்தக் கூடாதாம். ஸ்டாப்பையே எடுத்துட்டாங்க. மேலிடத்து ஆர்டர்க்கா" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். அவர் முகம் அழுகிற மாதிரி இருந்ததாகக் கண்டக்டரம்மா பிற்பாடு சொன்னார்.

அடுத்த நிறுத்தம் ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி. பூட்டுக்காரர் அங்குமிங்கும் ஓடி ஒரு வாடகைக் காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டேகால்.

"பதினொன்றரைக்கு இதே மெஷின்ல அடுத்தவங்களுக்கு ஊசி போட்டாகணும்" என்றார் நர்ஸம்மா. "நாலு மணி நேரம் ஓட முடியாது. மூணேகாலோட எடுத்துடுவேன்."

"மிச்ச முக்கால் மணி நேரத்து அழுக்கு?" என்றார் கண்டக்டரம்மா.

"உள்ளதான் இருக்கும்" என்றார் நர்ஸம்மா. அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

செவ்வாய்க்கிழமை பூட்டுக்காரர் கடையை அடைத்துவிட்டுத் தர ஆபீஸுக்குப் போனார். அதன் முழுப்பெயர் நகர வாழ்தர உயர்வு ஆணையம். நல்ல வாழ்க்கை வாழத் தகுந்த நகரங்களின் உலகப் பட்டியல் ஒன்றில் இந்த நகரம் முப்பத்தெட்டாவதாக வந்த வருஷம், அந்த அவமானத்தைத் துடைக்க அதை ஏற்படுத்தினார்கள். எட்டு மாடி, கண்ணாடிச் சுவர். வாசலில் இரண்டு பக்கமும் புல்வெளி. புல்லின்மேல் யாரும் நடக்கக் கூடாது என்று பலகை இல்லை; ஒரு ஆள் நின்று சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

முகப்பு மேஜையில் இருந்த அம்மாள் அவரிடம் ஒரு தாளை நீட்டினார்.

"முதல்ல மனநிறைவுப் படிவம் சார்."

"நான் புகார் சொல்ல வந்தேம்மா."

"தெரியுது சார். புகாருக்கு முன்னாடியே நீங்க எவ்வளவு நிறைவா இருக்கீங்கன்னு எழுதி வாங்கிடணும். புகார் சொன்னப்புறம் கேட்டா மனசு கெட்டுப்போயிருக்கும், பதில் சரியா வராது."

படிவத்தில் ஒரே கேள்வி. இந்த நகரத்தில் வாழ்வது உங்களுக்கு எப்படி இருக்கிறது? மூன்று கட்டங்கள். மகிழ்ச்சி. மிக்க மகிழ்ச்சி. சொல்ல முடியாத மகிழ்ச்சி. பூட்டுக்காரர் மூன்றையும் படித்துப் பார்த்தார். முதல் இரண்டும் பச்சைப் பொய். மூன்றாவதில் 'சொல்ல முடியாத' என்ற வார்த்தையாவது உண்மை. அதில் ஒரு டிக் போட்டார்.

உள்ளே பெரிய கூடம். ஒரு நாற்காலிகூட இல்லை.

"நாற்காலி போட்டா ஜனங்க காத்திருக்கிற மாதிரி தெரியும் சார்" என்றார் அங்கிருந்த காவலாளி. "இந்த ஆபீஸ்ல யாரும் காத்திருக்கிறதில்லை."

சுவரோரமாக நாற்பது பேர் காத்திருக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டுக்காரரும் அவர்களோடு இரண்டரை மணி நேரம் காத்திருக்காமல் நின்றார்.

காத்திருப்புக் குறைப்புப் பிரிவின் அதிகாரி அன்பான மனிதர். எழுந்து நின்று வரவேற்று, தண்ணீர் கொடுத்து, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டினார்.

"போன வருஷம் இந்த நகரத்துல ஒரு ஆள் பஸ்ஸுக்காகச் சராசரியா இருபத்தோரு நிமிஷம் காத்திருந்தார். முதலிடத்துல இருக்கிற நகரத்துல எட்டு நிமிஷம். எங்களுக்குத் தூக்கமே இல்லைங்க. உட்கார்ந்து ஆராய்ஞ்சோம். ஜனங்க எங்க காத்திருக்காங்க? ஸ்டாப்புல. வீட்டுலயோ கடையிலயோ பார்க்குலயோ ஒருத்தர்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கிறதில்லை. அப்ப கோளாறு எங்க இருக்கு?"

பூட்டுக்காரர் யோசித்தார். "பஸ் பத்தலைன்னு..."

"ஸ்டாப்புல" என்றார் அதிகாரி. "ரொம்பக் காத்திருக்க வைக்கிற அறுபது ஸ்டாப்பைக் கண்டுபிடிச்சு எடுத்தோம். உங்க ஸ்டாப்புதான் அதுல முதல். நாற்பத்திரண்டு நிமிஷம். இப்ப நகரத்தோட சராசரி என்ன தெரியுமா? ஒன்பது."

"அந்த அறுபது இடத்துல இருக்கிறவங்க எப்படிங்க போவாங்க?"

"அவங்க யாரும் காத்திருக்கிறதில்லையே" என்றார் அதிகாரி மென்மையாக.

பூட்டுக்காரர் மனைவியின் உடம்பைப் பற்றிச் சொன்னார். முக்கால் மணி நேரத்து அழுக்கைப் பற்றியும் சொன்னார். அதிகாரி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஆபீஸ் நேரத்துல வருத்தப்பட எங்களுக்கு அனுமதி இல்லை. நாங்களும் நகரவாசிங்கதானே, எங்க மனநிறைவையும் கணக்குல சேர்க்கிறாங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது கண்டக்டரம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆஸ்பத்திரியில எங்க வார்டுலதான் நிறையப் பேரு சாகறோம். இந்த ஆளுங்க காதுல அது விழாம பார்த்துக்கணும்" என்றார்.

அடுத்த புதனும் வெள்ளியும் அடுத்த நிறுத்தம் வரை நடந்தே போனார்கள். ஐந்து மணிக்கே கிளம்பினார்கள். நூறு அடிக்கு ஒரு தரம் கண்டக்டரம்மா யாராவது வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது வாரம் கால்கள் வீங்கிவிட்டன. செருப்புக்குள் நுழையவில்லை.

அந்த வாரம்தான் ஆணையத்திலிருந்து ஒரு இளம்பெண்ணும் கேமராக்காரர் ஒருவரும் பூட்டுக்காரரின் கடையைத் தேடி வந்தார்கள். சாவி அறுக்கும் மெஷினை நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"சொல்ல முடியாத மகிழ்ச்சின்னு எழுதிக் கொடுத்தவர் நீங்கதானே சார்? இவ்வளவு பெரிய நகரத்துல உங்களையும் சேர்த்து மொத்தமே பதினோரு பேர்."

"அது வந்தும்மா, சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியலை. அதனால..."

'அடக்கமானவர்' என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சிரிங்க சார்" என்றார் கேமராக்காரர்.

"வீட்டுல உடம்பு சரியில்லைங்க."

"அப்ப லேசாச் சிரிங்க."

நாலாம் நாள், நிறுத்தம் இருந்த இடத்துக்கு நேர்மேலே பூட்டுக்காரரின் முகம் ஒரு விளம்பரத் தட்டியில் பன்னிரண்டடி உயரத்துக்கு எழும்பியது. கீழே பெரிய எழுத்தில்: 'சொல்ல முடியாத மகிழ்ச்சி! இது எங்கள் நகரம்.' கேமராக்காரருக்காக அவர் முயன்ற லேசான சிரிப்பு, அந்த அளவில் பார்க்கும்போது பல்வலிக்காரன் சிரிப்பாக இருந்தது. விடிகாலையில் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி அவர் தன் முகத்துக்கு அடியிலேயே நடந்து போனார்.

"அந்த ஆளு கொடுத்து வச்சவருங்க" என்றார் கண்டக்டரம்மா, மேலே பார்த்து. "அவரு பொண்டாட்டி நல்லா நடப்பா போல."

சொல்ல முடியாத மகிழ்ச்சிக்காரர் குடியிருக்கும் தெருவைச் சும்மா விட்டுவிடுவார்களா? ஆணையம் அதை அமைதி வீதியாக உயர்த்தியது. தெருவின் இரண்டு முனைகளிலும் இடுப்பளவு உயரப் பூத்தொட்டிகளை வரிசையாக வைத்து, சங்கிலியால் கோத்து, பூட்டுப் போட்டார்கள். இனி எந்த வண்டியும் உள்ளே வராது. எப்போதாவது கிடைத்துக்கொண்டிருந்த வாடகைக் காரும் நின்றது.

பூட்டுக்காரரிடம் ஒரு தள்ளுவண்டி இருந்தது. சந்தை நாட்களில் சாவி மெஷினை ஏற்றிக்கொண்டு போவதற்கான வண்டி. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, மெத்தையை நாலாக மடித்துப் போட்டு, மனைவியை அதில் உட்கார வைத்தார். தொட்டி வரிசைக்கும் ஓரத்துச் சுவருக்கும் நடுவே அந்த வண்டி மட்டும் நுழைந்தது. இரண்டாம் நாளே ஒலி அளக்கும் கருவியோடு ஒருவர் வழிமறித்தார்.

"சக்கரம் கிரீச்சுங்குது சார். இது அமைதி வீதி."

பூட்டுக்காரர் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து அங்கேயே சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். வந்தவர் மறுபடி அளந்தார். முள் இன்னும் ஆடியது.

"இன்னும் ஏதோ சத்தம் வருதே. கர்ர் கர்ர்னு."

"அது இவ மூச்சுங்க. நுரையீரல்ல தண்ணி சேருது."

அந்த மனிதர் தன் கையேட்டைப் புரட்டினார். "மூச்சு இயற்கை ஒலியில வரும்" என்றார் நிம்மதியாக. "இயற்கை ஒலிக்கு மார்க் உண்டு. பறவைங்களோட சேர்த்துப் போட்டுடறேன்." போட்டுக்கொண்டார்.

அன்றைக்குப் பூட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் மகிழ்ச்சியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் தர ஆபீஸ் முகப்பு மேஜையில் அதைத்தான் கேட்டார். அந்த அம்மாள் திகைத்துப் போனார்.

"கொடுத்த மகிழ்ச்சியை வாபஸ் வாங்கறதுக்கு மனக்குறைப் பிரிவுக்குத்தான் போகணும் சார். ஆனா அதை மூடியாச்சே. போன வருஷம் பூரா ஒருத்தர்கூட வரலை."

"எங்க இருந்தது அது?"

"ஒன்பதாவது மாடி."

"இது எட்டு மாடிதானேம்மா?"

"அதனாலதான் சார் யாரும் வரலை" என்றார் அவர்.

ஆனாலும் அந்த அம்மாளுக்கு இரக்கம் இருந்தது. பன்னிரண்டடி முகத்துக்குச் சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று மேலே சொல்லியனுப்பினார். ஆணையரே கூப்பிட்டனுப்பினார். எட்டாவது மாடி. ஜன்னல் வழியாக நகரம் மொத்தமும் தெரிந்தது. அந்த உயரத்திலிருந்து அது அருமையான நகரமாகத்தான் இருந்தது.

பூட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "ஐயா, எனக்குப் பதவி, பட்டம் ஒண்ணும் வேண்டாம். அந்த ஸ்டாப்பை மட்டும் திருப்பி வச்சுக் கொடுங்க."

ஆணையர் ஒரு தகப்பனைப் போலச் சிரித்தார்.

"உட்காருங்க. ஒரு மனுஷன் நல்லா வாழறதுக்கு என்ன வேணும்? தண்ணி, காத்து, பஸ், ஆஸ்பத்திரி, கஷ்டம்னா ஓடி வர நாலு பேரு. இது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா? முதல் வருஷம் நாங்க அதைத்தான் செஞ்சோம். புது பஸ் விட்டோம். குழாய் போட்டோம். என்ன ஆச்சு? ரெண்டு இடம் ஏறினோம். வெட்கமாப் போச்சு. அடுத்த வருஷம் ஒண்ணுமே செய்யலை. பட்டியல் போடறவங்க கேட்கிற கேள்விகளை மட்டும் உட்கார்ந்து படிச்சோம். பதினேழு இடம் ஏறினோம். இப்ப நீங்களே சொல்லுங்க, மக்களுக்கு எது நல்லது?"

"பஸ்ஸுங்க" என்றார் பூட்டுக்காரர்.

"இதுக்குத்தான் நாங்க மக்களைக் கேட்கிறதில்லை" என்றார் ஆணையர், கோபமில்லாமல். "நீங்க உங்க வீட்டுக்காரம்மாவைப் பத்திப் பேசறீங்க. நான் சராசரி மனுஷனைப் பத்திப் பேசறேன். அவனுக்கு ஒன்பது நிமிஷத்துல பஸ் வந்துடுது. அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை. பத்து நிமிஷ நடையில பார்க்கு. நான் அவனை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஆனா ராத்திரி பகல்னு பார்க்காம அவனுக்காகத்தான் உழைக்கிறேன். உங்களை மாதிரி வர்றவங்களையெல்லாம் நேர்ல பார்த்துப் பார்த்து மனசு இளகிப் போனா, அவனுக்கு யார் இருக்கா?"

சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. பூட்டுக்காரருக்குத் தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல் இருந்தது.

"சரி" என்றார் ஆணையர். "வர்ற வெள்ளிக்கிழமை பட்டியலுக்கான மதிப்பீட்டுக் குழு உங்க தெருவுக்கு வருது. மூணு பேர். நீங்களும் வீட்டுக்காரம்மாவும் வாசல்ல உட்கார்ந்திருங்க. அது முடியட்டும், ஸ்டாப் விஷயத்தைப் பார்க்கலாம்."

"வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் இருக்குங்க."

"ஒன்பது மணிக்கு வந்துடுவாங்க. பத்தே நிமிஷம். அப்புறம் எங்க கார்லயே ஆஸ்பத்திரியில விட்டுடறோம்."

ஆஸ்பத்திரிக்குக் கார். அந்த ஒரு வார்த்தையில் பூட்டுக்காரர் விழுந்துவிட்டார். நர்ஸம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, அந்த வெள்ளிக்கு மட்டும் காலை நேரத்தைப் பதினொன்றரைக்கு மாற்றி வாங்கினார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் ஆணையத்தார் வந்து தெருவைக் கழுவினார்கள். தெருவில் மக்கள் உலாவ வேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவையும் எதிர்வீட்டுச் சமையல்காரரையும் வெளியே வரவழைத்தார்கள். தையல்காரம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை, பாதித் தெருதான் தெரியும். சமையல்காரருக்கு நெஞ்சு வலி. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் உலாவினார்கள்.

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. கண்டக்டரம்மா வாசலில் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. முகம் ஊதி, கண்கள் கோடாகியிருந்தன. பதினொன்றுக்குப் பூட்டுக்காரர், ஆணையத்தாரோடு வந்திருந்த காத்திருப்புப் பிரிவு அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், முதல்ல இவளைக் கொண்டு போய் விட்டுடுங்க. நான் இங்கயே இருக்கேன். எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கிறேன்."

"இதோ, பக்கத்துல வந்துட்டாங்களாம்" என்றார் அன்பான அதிகாரி. அவர் நெற்றியிலும் வியர்வை.

பதினொன்றே முக்காலுக்குக் குழு வந்தது. ஆணையர் கூடவே வந்தார். குழுவில் மூத்தவர் குனிந்து கண்டக்டரம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார்: "இந்த நகரத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதும்மா?"

கண்டக்டரம்மா வாயைத் திறந்தார். "ஸ்டாப்..." என்றார். மூச்சு நின்று நின்று வந்தது. "ஸ்டாப்..." அதற்குமேல் வரவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"நிறுத்துங்க, புகழ்ந்தது போதும்னு சொல்றாங்க" என்றார் ஆணையர். "அடக்கமான குடும்பம்."

கண்டக்டரம்மா நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். உதட்டோரம் நீலமாகியிருந்தது. பூட்டுக்காரர் அவரை அப்படியே வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். ஆணையத்தின் கார்கள் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் நின்றன. தெரு கழுவியபோது தொட்டிகளைச் சுவரோடு நெருக்கி வைத்துவிட்டதால் வண்டி நுழையவில்லை. சங்கிலியின் சாவி ஆபீஸில், சாவிப் பிரிவில் இருந்தது. பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். அந்தப் பூட்டு அவருக்கு ஆறு வினாடி வேலை. தொட்டியைத் தள்ளிக்கொண்டு முதல் காருக்குப் போனார்.

"இது குழுவோட காருங்க" என்றார் டிரைவர், நடுங்கிப்போய். "ஆணையர் ஒரு வார்த்தை சொல்லணும்."

பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆணையர் குழுவுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கை மேலும் கீழும் போய் வந்தது.

அப்போது பதினாலாம் நம்பர் பஸ் வளைவில் திரும்பியது. பூட்டுக்காரர் யோசிக்கவில்லை. நடு ரோட்டில் போய்க் கையிரண்டையும் விரித்து நின்றார். பஸ் சீறிக்கொண்டு வந்து, அவர் மார்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே இருந்தவர் அதே தம்பி. அவர் பூட்டுக்காரரைப் பார்க்கவில்லை, தள்ளுவண்டியைப் பார்த்தார்.

"இறங்கி அக்காவைத் தூக்குங்கய்யா" என்றார் பயணிகளிடம்.

ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். ஒருவர் தலையைத் தாங்கினார், ஒருவர் காலை. நீளமான பின் இருக்கையைக் காலி செய்து படுக்க வைத்தார்கள். நடுவில் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நர்ஸம்மா மூலையிலிருந்த பழுதான மெஷினைத் தட்டித் தட்டி ஓட வைத்தார். அன்றைக்குக் கண்டக்டரம்மா பிழைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. நகரம் முதலிடம். 'மக்களிடையே பரிவு' என்ற தலைப்பில் நூற்றுக்கு நூறு. முன்பின் தெரியாத பயணிகள் நோயாளி ஒருவரைத் தாமாகவே தூக்கிச் சென்றதைக் குழு நேரில் கண்டதாகவும், இதற்கு ஏற்பாடு செய்த ஆணையம் பாராட்டுக்குரியது என்றும் எழுதியிருந்தது. நிறுத்தமில்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்திய டிரைவரை டிப்போவில் பஸ் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

ஸ்டாப் விஷயம் பார்க்கப்படவில்லை. பூட்டுக்காரரும் போய்க் கேட்கவில்லை. அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்: நிறுத்தம் இல்லாவிட்டால் பஸ் நிற்காது, ஆனால் நடு ரோட்டில் ஆள் நின்றால் நின்றுதான் ஆக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு நாற்பதுக்கு அவர் ரோட்டின் நடுவில் கைகளை விரித்து நின்றார். புது டிரைவர் முதல் வாரம் வாய்க்கு வந்தபடி திட்டினார். இரண்டாவது வாரம் திட்டவில்லை. மூன்றாவது வாரம் தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கப் பழகினார்.

ஒரு மாதத்தில் அன்பான அதிகாரி ஒரு கோப்போடு வந்தார்.

"ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, ஒரே தடங்கல்னு பதிவாகிட்டே இருக்கு சார். வேற ஆளா இருந்தா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. நீங்க போஸ்டர்ல இருக்கீங்க. என்ன செய்யறதுன்னு தெரியாம ஆபீஸ்ல தலையைப் பிச்சுக்கிட்டாங்க."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"உங்களையே நிலையான தடங்கலாப் பதிவு பண்ணியாச்சு. மேடு, பள்ளம், மரம் மாதிரி. அதுக்கு முன்னாடி பஸ் நின்னு போறது விதிப்படி சரி." அவர் குரலைத் தாழ்த்தினார். "என்னால முடிஞ்சது இவ்வளவுதாங்க."

மறுநாள் பலகை நட்டார்கள். 'கவனம். தடங்கல். திங்கள், புதன், வெள்ளி, காலை 6.40.'

தெருக்காரர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தையல்காரம்மா, சமையல்காரர், பின்வீட்டு ஆசிரியை என்று ஐந்தாறு பேர் அந்த நேரத்துக்கு வந்து ஓரமாக நிற்க ஆரம்பித்தார்கள். பூட்டுக்காரர் கையை விரிப்பார். பஸ் நிற்கும். எல்லோரும் ஏறியபின் மனைவியைத் தூக்கிக்கொண்டு அவர் கடைசியாக ஏறுவார்.

"வேலையில இருந்தப்ப எத்தனையோ ஸ்டாப்புல இறங்கி ஏறியிருக்கேன்" என்றார் கண்டக்டரம்மா, அவர் தோளில் சாய்ந்துகொண்டு. "கட்டிக்கிட்டது ஒரு ஸ்டாப்பைத்தான்."

ஆனால் உடம்பு அந்த இரண்டு மாதத்தை மறக்கவில்லை. விட்டுப்போன மணி நேரங்களெல்லாம் இதயத்தில் போய் உட்கார்ந்திருந்தன என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருக்கும் நீண்ட இடைவெளிதான் எப்போதும் ஆபத்து. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாளொன்றுக்கு அரை லிட்டருக்குமேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் அளவுக் கோடு போட்டு வைத்திருந்த பாட்டிலைப் பூட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்தபோது, கண்டக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தபடியே இறந்து போயிருந்தார். பாட்டிலில் அன்றைய அளவில் பாதி மிச்சமிருந்தது.

பூட்டுக்காரர் கடையைத் திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் உள்ளேயே கிடந்தார். அடுத்த திங்கட்கிழமை ஆறேகாலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். தையல்காரம்மா. பின்னால் சமையல்காரர் தலையைக் குனிந்து நின்றார்.

"அண்ணே, கேக்கவே வாய் கூசுது" என்றார் தையல்காரம்மா. "போன வாரம் பூரா இங்க பஸ் நிக்கலை. புதன்கிழமை நான் போய் ரோட்டுல கையை விரிச்சு நின்னேன். டிரைவர் ஒடிச்சுத் திருப்பிக்கிட்டு, 'நீங்க பதிவான தடங்கல் இல்லைம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னிக்கு எனக்குக் கண் ஆபரேஷன். இதை விட்டா இன்னும் ஏழு மாசம் ஆகுமாம்."

சமையல்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அவர் கையில் காலியான மாத்திரை அட்டை இருந்தது.

பூட்டுக்காரர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் தெருமுனைக்கு நடந்தார்கள். அங்கே பின்வீட்டு ஆசிரியையும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவரைக் கண்டதும் வழிவிட்டார்கள். அவர் ரோட்டின் நடுவில் போய் நின்று கைகளை விரித்தார்.

பஸ் வந்து நின்றது. தையல்காரம்மாவை ஆசிரியை கைபிடித்து ஏற்றினார். சமையல்காரர் ஏறினார். எல்லோரும் ஏறி முடித்தார்கள்.

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அம்மா வரலையா?"

"இல்லை" என்றார் பூட்டுக்காரர்.

"நீங்க?"

அவர் தலையாட்டி மறுத்தார். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றார், கைகள் விரித்தபடியே. தான் விலகினால்தான் பஸ் போக முடியும் என்பது அவருக்குச் சற்று நேரம் நினைவுக்கு வரவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. பயணிகள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவராகவே கைகளை இறக்கி, ஓரத்துக்கு நடந்து வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.